ஆறரை அடி மனிதருக்கு மறுபடியும் நடை பழக்கியவர்!

71 ஆட்டங்கள். 4 கோல்கள்.

2009-10 சீசன் முடிந்தபோது பிரையன் பாய்ல் பெயருக்கு நேராக இருந்த கணக்கு இவ்வளவுதான். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கி வீரர். வயது 25. உயரம் ஆறரை அடி, எடை நூறு கிலோவுக்கு மேல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 13 பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர். (பதிமூன்று! அந்த வீட்டுக்கு ஸ்கேட்ஸ் வாங்கியே அப்பா ஓய்ந்துபோயிருப்பார்.)

ஐஸ் ஹாக்கியில் உலகின் உச்சம் என்.ஹெச்.எல். லீக். அதற்கு வரும் இளைஞர்களை ஒவ்வோர் ஆண்டும் அணிகள் வரிசை போட்டுத் தேர்ந்தெடுக்கும். 2003-ல் முதல் சுற்றிலேயே, 26-வது ஆளாக எடுக்கப்பட்டவர் பாய்ல். அதாவது, 'இவன் பெரிய ஆளா வருவான்' என்று நம்பி எடுக்கப்பட்டவர். ஏழு வருடம் கழித்து அந்த நம்பிக்கை ஐஸ் மாதிரியே உருகிக்கொண்டிருந்தது. உடம்பு இருக்கிறது, திறமை இருக்கிறது, பந்தயத்துக்குத் தேவையான வேகம் மட்டும் கால்களில் இல்லை.

25 வயதில் ஒரு விளையாட்டு வீரனுக்கு 'மெதுவான ஆள்' என்று பெயர் விழுந்துவிட்டால், அது கிட்டத்தட்ட வேலை போன மாதிரிதான். அதிலும் ஐஸ் ஹாக்கியில். ஒரு வீரர் சுமார் 45 விநாடிதான் தொடர்ந்து ஆடுவார். உடனே வெளியே வந்து உட்கார, அடுத்தவர் உள்ளே பாய்வார். மூச்சு வாங்கியபின் மறுபடி உள்ளே. அந்த 45 விநாடியில் ரப்பர் வட்டுக்கு ஒரு அடி பின்தங்கினாலும், அந்த முறை நீங்கள் உள்ளே போனதற்கே அர்த்தமில்லை.

2010 கோடையில் பாய்ல் ஒரு பெண்மணியிடம் போய் நின்றார். அந்தப் பெண்மணி ஹாக்கி வீராங்கனை இல்லை. இசைக்கு ஏற்ப, மின்னும் உடையில், ஐஸில் சுழன்று ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியனாக இருந்தவர். பெயர் பார்பரா அண்டர்ஹில். கனடாக்காரர்கள் செல்லமாக 'பார்ப்' என்பார்கள்.

அடுத்த சீசனில் பாய்ல் 82 ஆட்டங்களில் 21 கோல் போட்டார்.

நான்கு எங்கே, 21 எங்கே! ஸ்கேட்டிங் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது கொஞ்சம் ஓவர். அந்த வருடம் அவருக்குக் கூடுதல் நேரம் ஆட வாய்ப்பும் கிடைத்தது. ஆனால், ஓடவே முடியாதவரைப் பயிற்சியாளர் எதற்கு அதிக நேரம் உள்ளே விடப்போகிறார்?

அண்டர்ஹில் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று புரிய, முதலில் ஐஸில் கால் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

தரையில் ஓடும்போது காலைப் பின்னால் உந்துகிறோம், உடம்பு முன்னால் போகிறது. ஐஸில் அந்தக் கதை நடக்காது. முன்னால் பார்த்தபடி இருக்கும் பிளேடைப் பின்னால் தள்ளினால் அது வழுக்கிக்கொண்டு போய்விடும், நீங்கள் நின்ற இடத்திலேயே இருப்பீர்கள். பிளேடுக்குப் பக்கவாட்டில்தான் பிடிமானம். அதனால் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, காலைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். வலது கால் தள்ளும்போது இடது கால் வழுக்கிச் செல்லும். பிறகு இடது தள்ளும், வலது வழுக்கும்.

இந்தத் தள்ளலில்தான் வேகம் இருக்கிறது. கால் எவ்வளவு நீளத்துக்குத் தள்ளுகிறதோ, அவ்வளவு பலம். அப்படி நீளமாகத் தள்ள வேண்டுமென்றால் முதலில் முழங்கால் நன்றாக மடங்கியிருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் காலில் நீட்டுவதற்கு என்ன இருக்கிறது? தோப்புக்கரணத்தில் பாதி இறங்கிய நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையிலேயே ஓட வேண்டும். முழுசாக உட்காரவும் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது.

சொல்வது சுலபம். பத்து தோப்புக்கரணம் போடும்போது எட்டாவதில் நிற்கச் சொன்னால் நமக்கே தொடை நடுங்கும். வீரர்களுக்கும் அப்படித்தான். களைப்பு வந்தவுடன் உடம்பு தானாக நிமிரும். நிமிர்ந்தால் தள்ளல் குறையும். குறைந்ததை ஈடுகட்ட காலை வேகவேகமாக அடிப்பார்கள். கேலரியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு 'என்னமா உழைக்கிறான்' என்று தோன்றும். ஆனால் ஆள் நகர்ந்திருக்க மாட்டார். உயரமானவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். மடக்க வேண்டிய கால் அதிகம், கீழே இறக்க வேண்டிய உடம்பும் அதிகம்.

அதைவிடப் பெரிய சிக்கல், தள்ளிய கால் திரும்பி வருவதில். தள்ளி முடித்த பாதம் ஐஸை உரசும் உயரத்திலேயே திரும்பி வந்து, உடம்புக்கு நேர் கீழே, இன்னொரு பாதத்தின் பக்கத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து கிளம்பினால்தான் அடுத்த தள்ளல் முழு நீளம் கிடைக்கும். பலர் பாதியிலேயே காலைப் பதித்துவிடுவார்கள். இரண்டு கால்களும் விரிந்தபடியே இருக்கும். தள்ளல் பாதியாகிவிடும். 'அகலக்கால் வைக்காதே' என்று நம் பெரியவர்கள் வேறு எதற்கோ சொல்லிவைத்தார்கள். ஐஸ் ஹாக்கியில் அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஹாக்கி பயிற்சியாளர்கள் சொல்லித்தர மாட்டார்களா என்றால், நீண்ட காலம் அவர்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை. வேகம் என்பது பிறவியில் வருவது, இல்லாதவனுக்கு இல்லை என்பதுதான் பொதுவான எண்ணம். வேகம் வேண்டுமா? இன்னும் ஓடு. மூச்சு முட்டும்வரை ஓடு.

இந்த 'ஓடு'வுக்குப் பிரபலமான உதாரணம் உண்டு. 1979 செப்டம்பரில் அமெரிக்க ஒலிம்பிக் அணி நார்வேயோடு 3-3 என்று டிரா செய்தது. கோபமடைந்த பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ், ஆட்டம் முடிந்த பிறகும் வீரர்களை விடவில்லை. அரங்கில் விளக்கு அணைந்த பிறகும் கோட்டுக்குக் கோடு ஓடவிட்டார். 2004-ல் வந்த 'மிராக்கிள்' படத்தில் அந்தக் காட்சியைப் பார்த்தால் புல்லரிக்கும். அடுத்த ஆண்டு அதே அணி ஒலிம்பிக் தங்கமும் வாங்கியது. மனவலிமைக்கும் மூச்சுக்கும் அது உதவியிருக்கலாம். வேகத்துக்கு உதவாது. களைத்த கால் தப்பாகத்தான் தள்ளும். தப்பாக நூறு முறை தள்ளினால், அந்தத் தப்பில் கால் தேர்ச்சி பெற்றுவிடும்.

வேகப் பயிற்சி இதற்கு நேர் எதிர். ஐந்து முதல் பத்து விநாடி, உடம்பில் உள்ள மொத்த வேகத்தையும் கொட்டி ஓட வேண்டும். பிறகு மூச்சு முழுக்க அடங்கும்வரை சும்மா நிற்க வேண்டும். அப்புறம் மறுபடி. பார்க்கிறவர்களுக்கு 'என்ன, பாதி நேரம் நின்னுக்கிட்டே இருக்காங்க' என்று இருக்கும். அந்த நிற்றல்தான் பயிற்சியின் முக்கியமான பாதி.

இன்னொரு விஷயம், விழ வேண்டும். தன்னால் கட்டுப்படுத்த முடிகிற வேகத்திலேயே ஓடிக்கொண்டிருப்பவருக்கு அந்த வேகம்தான் கடைசிவரை. அதைத் தாண்டினால் கால் தடுமாறும், ஆள் விழுவார். எழுந்து மறுபடி தாண்ட வேண்டும். ஊரே கொண்டாடும் நட்சத்திர வீரர் பிள்ளை மாதிரி சறுக்கி விழுந்து எழ ஒப்புக்கொள்ள வேண்டும். கால் வலியைவிட இதுதான் கஷ்டம். வருடக்கணக்கில் ஊறிய பழக்கத்தை மாற்றும்போது முதல் சில வாரங்கள் இருந்த வேகமும் குறையும். வேலையே ஊசலாடும் நேரத்தில், 'கொஞ்ச நாளைக்கு நீ இன்னும் மோசமா ஆகணும்' என்று ஒருவர் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்?

சரி, இதற்கு ஏன் ஃபிகர் ஸ்கேட்டிங்காரர்கள்?

காரணம் பிளேடின் ஓரம். ஹாக்கி ஸ்கேட்டின் பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். அதனால் ஒரே பிளேடுக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு கூர் ஓரங்கள். குழிவு ஆழமாக இருந்தால் ஐஸை நன்றாகக் கடிக்கும், ஆனால் வழுக்கல் குறையும். ஆழம் குறைந்தால் நன்றாக வழுக்கும், திரும்பும்போது பிடி விட்டுப்போகும். அரிவாள்மனைக்குச் சாணை பிடிக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பதம் கேட்பார்களே, அதுபோல ஆளுக்கு ஆள் ஒரு குழிவு.

ஹாக்கிக்காரர்களின் கண் எப்போதும் வட்டின் மீது. ஃபிகர் ஸ்கேட்டர்களின் வாழ்க்கையே இந்த ஓரங்களில்தான். 'ஃபிகர்' என்ற பெயர் வந்ததே ஐஸில் வட்டமும் எட்டும் வரைந்து பழகியதால்தான். 1990 வரை தனிநபர் சர்வதேசப் போட்டிகளில் அது ஒரு பிரிவாகவே இருந்தது. ஒற்றைக் காலில் வழுக்கிக்கொண்டே ஐஸில் கோலம் போட வேண்டும். அதே கோட்டின் மீது திரும்பத் திரும்பப் போக வேண்டும். நடுவர்கள் குனிந்து கோடு பிசகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த உலகத்தில் வளர்ந்தவர்களுக்கு, உள் ஓரத்தில் அரை விநாடி முன்னதாகச் சாய்ந்தால் என்ன ஆகும் என்பது கால் விரலுக்கே தெரியும்.

அண்டர்ஹில்லுக்கு முன்பே இதைச் செய்து காட்டியவர் லாரா ஸ்டாம். அவரும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இருந்து வந்தவர்தான். 1970-களில் நியூயார்க் ஐலேண்டர்ஸ் அணியின் பாப் நிஸ்ட்ரோமுக்கு ஸ்கேட்டிங் கற்றுக்கொடுத்தார். ஒரு பெண், அதுவும் நடனமாடும் ஸ்கேட்டிங்கில் இருந்து வந்தவர், முரட்டு ஹாக்கிக்காரர்களுக்கு நடை சொல்லித்தருவதா என்று கேட்ட காலம் அது. 1980 மே மாதம் ஐலேண்டர்ஸ் முதன்முறையாக ஸ்டான்லி கோப்பையை வென்றது. கூடுதல் நேரத்தில் அந்தக் கோப்பையை உறுதிசெய்த கோலைப் போட்டவர் நிஸ்ட்ரோம். அப்படியும் ஒரு என்.ஹெச்.எல். அணி முழுநேரப் பயிற்சியாளராக ஒரு பெண்ணை நியமிக்க 2016 ஆனது. அரிசோனா கயோட்டீஸ் அணி நியமித்த டான் பிரெய்டும் ஸ்கேட்டிங் பயிற்சியாளர்தான். நிஸ்ட்ரோமின் கோலுக்கும் அந்த நியமனத்துக்கும் நடுவே 36 வருடங்கள். மெதுவாக இருந்தது வீரர்களின் கால்கள் மட்டுமில்லைபோல!

அண்டர்ஹில் கதைக்கு வருவோம். ஸ்கேட்ஸ் தன் காலை வாரிவிட்ட அனுபவம் அவருக்கே உண்டு.

பால் மார்ட்டினியோடு ஜோடியாக ஆடியவர் அவர். 1984 பிப்ரவரி, சரஜேவோ ஒலிம்பிக். 1983 உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கிய ஜோடி என்பதால் கனடாவே எதிர்பார்த்தது. தடுமாறி, ஏழாவது இடத்தோடு ஊர் திரும்பினார்கள். அப்போது அண்டர்ஹில்லுக்கு 20 வயது. அடுத்த மாதம் உலக சாம்பியன்ஷிப், அதுவும் சொந்த நாட்டில், ஒட்டாவாவில். விட்டுவிடலாம் என்ற மனநிலை. புது ஸ்கேட்ஸ் காலுக்குச் சரியாக அமையவே இல்லை. போட்டிக்குச் சில வாரங்களே இருக்கும்போது, ஒதுக்கிவைத்திருந்த பழைய ஜோடியை எடுத்து மாட்டினார். ஒட்டாவாவில் தங்கம். ஜோடிகள் பிரிவில் கனடாவுக்கு 1962-க்குப் பிறகு கிடைத்த முதல் உலகப் பட்டம் அது.

அதே கால்கள், அதே ஆள், ஒரு மாத இடைவெளி. மாறியது காலில் இருந்தது.

வாழ்க்கை அவரை அதைவிடப் பெரிய இடத்தில் தள்ளிவிட்டது. 1993-ல், எட்டு மாதக் கைக்குழந்தையாக இருந்த மகளை வீட்டு நீச்சல் குளத்தில் பறிகொடுத்தார். குழந்தைகளின் பாதுகாப்புக்காக மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பல ஆண்டுகள் கழித்து ஹாக்கி பக்கம் வந்தபோது அவர் தங்கப் பதக்கம் மட்டும் கொண்டுவரவில்லை. விழுந்த பிறகு எழுந்திருப்பது பற்றி அவரிடம் எந்த வீரரும் வாய் திறக்க முடியாது.

அந்த ஸ்கேட்ஸ் விஷயத்தில் நம் வீடுகளுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 'வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா வாங்கு' என்பது நம்மூர் ஷூ கடைகளில் மட்டும் கேட்கும் வசனம் இல்லை, கனடாவிலும் அப்படித்தான். ஸ்கேட்ஸ் விலை அப்படி. ஆனால் பெரிய ஸ்கேட்டுக்குள் பாதம் ஆடும். கணுக்கால் உள்பக்கம் மடியும். பிடிப்பதற்காக லேஸை இறுக்கினால் கணுக்கால் முன்னால் வளையாது, கணுக்கால் வளையாவிட்டால் முழங்கால் மடங்காது. அப்புறம் எங்கே தள்ளுவது? பிள்ளைக்கு வேகம் வரவில்லை என்று தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டும் பெற்றோர், முதலில் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்க்கலாம். இங்கே ரோலர் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்வது.

பாய்லுக்கு அடுத்து சொல்ல வேண்டியவர் பிரேடன் பாயின்ட். உடம்பில் பாய்லுக்கு நேர் எதிர். சிறிய உருவம். 2014-ல் டம்பா பே லைட்னிங் அணி அவரை மூன்றாவது சுற்றில், 79-வது ஆளாக எடுத்தது. கையில் வித்தை இருக்கிறது, ஆனால் ஆளும் சின்னது, வேகமும் போதாது என்று 78 முறை மற்ற பெயர்கள் வாசிக்கப்பட்டன. டம்பாவுக்கு அப்போது ஸ்கேட்டிங் ஆலோசகர் அண்டர்ஹில். பாயின்ட்டின் காலடியைப் பிரித்து மேய்ந்து, புதிதாகப் பின்னினார். இரண்டு வருடம் கழித்து, 2016-ல் பாயின்ட் என்.ஹெச்.எல்-லில் அறிமுகமானார். பிறகு அந்த லீக்கில் ஸ்கேட்டிங்குக்காகவே பாராட்டப்படுகிறவர்களில் ஒருவரானார்.

2020 ஆகஸ்ட் 11. கொரோனா காலம். பார்வையாளர்களே இல்லாத டொரன்டோ அரங்கில் டம்பாவும் கொலம்பஸும் மோதின. வழக்கமாக ஒரு ஆட்டம் 60 நிமிடம். பிளே-ஆஃப் ஆட்டம் சமன் ஆனால் 20 நிமிடக் கூடுதல் நேரம், கோல் விழும்வரை. அன்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கூடுதல் நேரங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஐந்தாவதில்தான் முடிவு வந்தது. மொத்தம் 150 நிமிடம் 27 விநாடி. லீக் வரலாற்றின் மிக நீண்ட ஆட்டங்களில் ஒன்று. எல்லோருடைய முழங்காலும் நிமிர்ந்துபோயிருந்த அந்த நேரத்தில், வெற்றி கோலைப் போட்டவர் பாயின்ட்.

அந்தத் தொடர் முழுக்க 14 கோல். இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் டல்லாஸுக்கு எதிராக முதல் கோலும் அவருடையதே. கோப்பை டம்பாவுக்கு. அடுத்த வருடமும் கோப்பை, அப்போதும் பாயின்ட் 14 கோல். 78 பேருக்குப் பிறகு எடுக்கப்பட்ட பையன்!

நீளமாகத் தள்ளி நன்றாக வழுக்குகிறவருக்கு, அதே தூரத்தைக் கடக்கக் குறைவான அடிகள் போதும். குறைவான அடி என்றால் குறைவான களைப்பு. வேகம் என்று நாம் நினைப்பது பல நேரம் மிச்சம்பிடித்த தெம்புதான்.

பனி இல்லாத கோடையிலும் இந்த வேலை நடக்கும். வழுவழுப்பான நீளப் பலகையில், காலுறை மாட்டிக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிச் சறுக்குவார்கள். பக்கவாட்டில் கால் வைத்து அமர்ந்து எழுவார்கள். இடுப்பு மூட்டு இளகுவதற்குத் தனிப் பயிற்சி. தொடையின் உள்பக்கத் தசைக்குத் தனிக் கவனம், ஸ்கேட்டிங்கில் முதலில் இழுத்துக்கொள்வது அதுதான். ஐஸில் கிளம்பும் முதல் மூன்று நான்கு அடிகள் மட்டும் வேறு கதை. குதிகால்கள் நெருங்கி, விரல்கள் விரிந்து, தரையில் ஓடுவது போலச் சின்னச் சின்ன அடிகள். அதன் பிறகே நீண்ட வழுக்கல்.

பாய்ல் என்ன ஆனார்? 2017 செப்டம்பரில், 32 வயதில், நியூஜெர்சி டெவில்ஸ் அணிக்கு வந்த கையோடு அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து எடுத்துக்கொண்டே, அந்த சீசனிலேயே ஸ்கேட்ஸ் மாட்டிக் களம் இறங்கினார். விடாமுயற்சிக்காகத் தரப்படும் பில் மாஸ்டர்டன் விருது 2018-ல் அவருக்குக் கிடைத்தது. 71 ஆட்டங்களில் 4 கோலோடு முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை 800 ஆட்டங்களைத் தாண்டிப் போனது. 2022-ல், பிட்ஸ்பர்க் அணிக்காக அவர் கடைசியாக ஐஸில் இறங்கியபோது வயது 37.